பழைய வீடு விற்பனைக்கு

“பழைய நாட்டு ஓட்டு வீடு. திண்ணை, முற்றம், கிணறு, நான்கு தென்னை. அமைதியான கிராமம். வாலாஜாபாத்துக்கு அருகில். விற்பனைக்கு.” இப்படிச் சில சொற்களில் முடிந்துவிடும் விளம்பரங்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். செய்தித்தாளின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்திலும், தேநீர்க் கடைச் சுவரிலும், இப்போது கைப்பேசியிலும் அவை வருகின்றன. அவற்றிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கலாம். எனினும், வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று அங்கே இல்லாமல் போகலாம். விற்கிறவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றை, வாங்க வருகிறவர் தம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கவும் கூடும். இவ்விரு மௌனங்களும் பாவமா, அல்லது உலகியல் அறிவா என்பதைச் சற்று நின்று சிந்திக்க விழைகிறோம். ஏனெனில், களவு செய்யாத நல்லவர்கள்கூட வீடு விற்கும்போதும் வாங்கும்போதும் தங்களுக்கென்று வேறொரு நியாயம் வைத்திருப்பதை நாம் காண்கிறோம்.

வாலாஜாபாத், பாலாற்றங்கரையில், ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர்களின் படைமுகாம் அங்கிருந்தது. படை போனபின் சுற்றுப்புறம் தன் நெல்லுக்கும் நெசவுக்கும் திரும்பியது. நெடுங்காலம் அங்கே வீடு என்பது விற்கும் பொருளாக இருந்ததே இல்லை எனலாம். கடன் முற்றினால் நிலத்தை விற்பார்கள். வீட்டை விற்றால் ஊர் பேசும். இன்று நிலைமை வேறு. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரகடம் வழியே வரும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை அகலமாயிற்று. 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் என்ற அறிவிப்பு வந்ததும், ஏகனாபுரம் மக்கள் தங்கள் ஊரையும் ஏரியையும் காக்கப் போராடத் தொடங்கினார்கள். இத்தகைய வட்டாரத்தில் ஒரு வீட்டின் விலையை அதன் தேக்கு உத்தரம் தீர்மானிப்பதில்லை. அடுத்து எந்தச் சாலை எங்கே வரும் என்னும் செய்தியே தீர்மானிக்கிறது. செய்தி அறிந்தவரும் அறியாதவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து விலை பேசுகிறார்கள்.

குருமடங்களில் அறநெறி இறையியல் கற்பிக்கும்போது, மாணவர் முன் ஒரு வழக்கை வைப்பது வழக்கம். பெயர் இராது, ஊர் இராது. நிலைமை மட்டும் இருக்கும். நாமும் அப்படி ஒன்றை அமைத்துக்கொள்வோம். எழுபது வயது கடந்த ஒரு கைம்பெண். மாமனார் கட்டிய வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர், நாட்டு ஓடு, நடுவில் முற்றம், நான்கு தூண். மூத்த மகன் தாம்பரத்தில், இளையவர் குவைத்தில், மகள் உத்திரமேரூரில் மணமுடித்து இருக்கிறார். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. ஒருமுறை மாற்றினாலும் குரங்குகள் விட்டு வைப்பதில்லை. பின்கட்டுச் சுவர் ஐப்பசி மழையில் ஊறி நிற்கிறது. உத்தரம் ஒன்றில் கரையான். கிணற்று நீர் சில ஆண்டுகளாக உவர்க்கிறது. “அம்மா தனியாக இருக்க முடியாது, விற்றுவிடுவோம்” என்கிறார் மூத்தவர். சித்திரை மாதத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்து, ஊறிய சுவருக்குச் சிமெண்டு பூசி, விளம்பரம் கொடுக்கப்படுகிறது. வெயிலில் வீடு பளிச்சென்று இருக்கிறது.

விற்பவரின் மௌனம் பற்றிய விவாதம் கிறிஸ்தவத்தைவிட மூத்தது. உரோமைச் சிந்தனையாளர் சிசரோ, கி.மு. 44இல் தம் மகனுக்காக எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலில் இதே கேள்வியை எழுப்புகிறார்: ஒரு நல்ல மனிதர் தம் வீட்டை விற்கிறார்; அது நோய் தரும் வீடென்றும், அறைகளில் பாம்பு வருமென்றும், மரம் உளுத்ததென்றும் அவருக்கு மட்டுமே தெரியும்; சொல்லாமல் விற்றால் அது அநீதியா? ஞானிகள் இருவர் இதில் எதிரெதிராக நிற்கிறார்கள். தியோகெனஸ், வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லையே, கண்ணிருக்கிறவர் பார்த்து வாங்கட்டும் என்கிறார். அந்திபாத்தர், வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதே குற்றம் என்றால், தெரிந்தே ஒருவனைப் பள்ளத்தில் விழவிடுவது அதனினும் கொடிது என்கிறார். சிசரோ இரண்டாமவர் பக்கமே சாய்கிறார். வாயைத் திறக்காமல் இருப்பது வேறு. பிறர் அறிந்தால் பயன்படும் ஒன்றை, நம் ஆதாயத்துக்காக அவர் அறியாதபடி பார்த்துக்கொள்வது வேறு என்பது அவர் காணும் நுட்பம். நம் வழக்கில் சுவருக்குப் பூசிய சிமெண்டு எந்த வகையைச் சேரும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. அதிலும் ஒரு கேடு உண்டு: சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லும் சேர்ந்து கெடும். மறைக்கப் பூசிய பூச்சே நோயைப் பெருக்குகிறது.

அதே நூலில் மற்றொரு நிகழ்ச்சி வருகிறது. அதை வாசிக்கும்போது சாலை அகலப்படுத்தும் நம் காலத்தையே வாசிப்பது போலிருக்கும். கிளாவுதியு செந்துமாலு என்பவருக்கு உரோமையின் செலியக் குன்றின்மேல் ஒரு வீடு இருந்தது. பறவைகளின் பறப்பைக் கண்டு குறி சொல்லும் அதிகாரிகள், தங்கள் பார்வையை அவ்வீட்டின் உயரம் மறைக்கிறதென்று, உயர்ந்த பகுதியை இடிக்கும்படி உத்தரவிட்டார்கள். அவர் உடனே வீட்டை விற்பனைக்கு வைத்தார். கல்பூர்னியு என்பவர் வாங்கினார். அதே உத்தரவு இப்போது வாங்கியவருக்கு வந்தது. இடித்து முடித்தபின்னரே, தமக்கு முன்னிருந்தவருக்கும் அந்த உத்தரவு வந்திருந்ததை அவர் அறிந்து, நீதிமன்றம் சென்றார். நடுவராக அமர்ந்த மார்க்கு கட்டோ, விற்றவர் அறிந்திருந்தும் சொல்லவில்லை, ஆகவே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அளவுக்கல் நட்டுவிட்டுப் போன அதிகாரியைக் கண்டபின், அவசரமாகத் தரகரைத் தேடுகிறவர்களுக்கு இத்தீர்ப்பைக் கேட்டால் எப்படியிருக்கும்?

13ஆம் நூற்றாண்டில் தூய தோமா அக்குவினா இக்கேள்விக்கு வரும்போது, சிசரோவின் நூல் அவர் மேசையில் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. ‘நோய் தரும் வீடு விற்பனைக்கு’ என்று எவராவது தண்டோரா போடுவார்களா என்று சிசரோ நூலில் வரும் கேலியையே அவர் ஒரு மறுப்பாக எடுத்து வைக்கிறார். அவர் தரும் விடை மிகவும் நடைமுறைக்கேற்றது. ஊரறியத் தண்டோரா போட வேண்டியதில்லை. போட்டால் யாரும் அருகே வரமாட்டார்கள், அந்தக் குறை ஒரு பொருட்டில்லை என்று வாங்கக்கூடியவரும் வராமல் போவார். ஆனால், வாங்க வந்து எதிரே அமர்கிறவரிடம் தனியே சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் குறையைச் சொல்லத் தேவையில்லை, விலையைத் தக்கபடி குறைத்தால் போதும். மறைந்திருந்து இழப்போ ஆபத்தோ தரக்கூடிய குறையை, கேளாமலே சொல்ல வேண்டும். விழப்போகும் வீட்டை உறுதியான வீடென்று கொடுப்பதை அவரே எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். ஆகவே நம் கைம்பெண்ணின் மகனிடம் விளம்பரத்தில் கரையானை எழுதச் சொல்ல மாட்டோம். பார்க்க வந்தவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், உத்தரத்தைத் தட்டிக் காட்டி, கிணற்று நீரை ஒரு வாய் குடிக்கக் கொடுக்கச் சொல்வோம்.

நம் நாட்டுச் சட்டமும் இங்கே மௌனமாக இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் வாங்குபவர் கண்டறிய முடியாத முக்கியக் குறையை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு வாங்குபவருக்கும் ஒரு கடமை வைக்கிறது என்பதைப் பலர் அறியார். விற்பவருக்கு அச்சொத்தின்மேல் உள்ள உரிமையின் தன்மை அல்லது அளவு பற்றி, அவரே அறியாத, அதன் மதிப்பைக் கூட்டும் ஓர் உண்மையை வாங்குபவர் அறிந்திருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அது உரிமையைப் பற்றிய உண்மை. நாளை வரப்போகும் சாலை, ஆலை, விமான நிலையம் ஆகியவற்றைப் பற்றி வாய் திறக்க வேண்டும் என்று அப்பிரிவு வாங்குபவரை வற்புறுத்துவதில்லை. இந்த இடைவெளியில்தான் வாலாஜாபாத் வட்டாரத்தின் மனச்சான்று நின்றுகொண்டிருக்கிறது.

விற்பவரின் மௌனத்தைப் பற்றி மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். வாங்குபவரின் மௌனத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறோமா? நற்செய்தியில் ஒருவர் நிலத்தில் புதையலைக் காண்கிறார். அதை மறைத்துவிட்டு, தமக்குள்ள யாவற்றையும் விற்று அந்நிலத்தை வாங்குகிறார் (மத்தேயு 13:44). நிலத்துக்காரரிடம் அவர் சொல்லவில்லை! இதைச் சுட்டிக்காட்டி, “சாமி, ஆண்டவரே பாராட்டினாரே” என்று கேட்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. விண்ணரசுக்காக யாவற்றையும் இழக்கத் துணிந்த அந்த மனத்தையே உவமை காட்டுகிறது. நிலம் வாங்கும் முறைக்கு அதை மாதிரியாகக் கொண்டால், முறைகேடான வீட்டுப் பொறுப்பாளரின் உவமையிலிருந்து கள்ளக் கணக்கு எழுதவும் கற்றுக்கொள்ளலாம் அன்றோ? உவமையை எல்லாப் பக்கமும் இழுத்தால் அது கிழிந்து போகும்.

அக்குவினா இதற்கு அருகில் வரும் ஒரு வழக்கை ஆராய்கிறார். பஞ்சம் பட்ட ஊருக்கு ஒரு வணிகர் தானியம் கொண்டு வருகிறார்; பின்னால் மேலும் பலர் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும்; சொன்னால் விலை விழும். சொல்லாமல் நடப்பு விலைக்கு விற்றால் அது நீதிக்கு எதிரானதன்று, ஆனால் சொன்னாலோ விலையைக் குறைத்தாலோ அது மேலான நற்பண்பு என்பது அவர் முடிவு. எதிர்காலம் இன்னும் வராதது. வராததைக் கணிப்பதில் எல்லாருக்கும் உரிமை உண்டு. இந்த நிதானம் நமக்குத் தேவை. அரசிதழில் வெளியான அறிவிப்பை ஊன்றிப் படித்து, சாலை வரும் திசையை ஊகித்து நிலம் வாங்குகிறவரைத் திருடர் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். எதிர்காலம் ஏமாற்றவும் செய்யும் என்பதற்கு இதே தொழிற்பகுதி சாட்சி: திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு தன் கார் உற்பத்தியை 2022இல் நிறுத்திக்கொண்டது. ஆலையை நம்பி முதல் போட்டவர் இழப்பையும் தாங்க வேண்டியவராகிறார்.

ஆனால் வணிகரும் ஊராரும் நின்ற நிலை ஒன்று. எழுபது வயதுத் தாயும் நிலத் தரகரும் நிற்கும் நிலை வேறு. அவர் அரசிதழைப் படிக்க மாட்டார். அவருக்கு உள்ள ஒரே வழி, எதிரே இருப்பவரைக் கேட்பதுதான். “தம்பி, இந்தப் பக்கம் ரோடு கீடு ஏதாவது வருதாப்பா?” என்று கேட்கிறார். “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்று பதில் வருகிறது. அந்த நொடியில் மௌனம் என்ற பேச்சே முடிந்துவிட்டது. அது பொய், அந்தப் பொய்யினால் குறைந்த தொகை அந்தத் தாயின் பணம். அலுவலகத்தில் ஒருவருக்குக் கையூட்டுத் தந்து வெளிவராத வரைபடத்தைப் பார்த்துவிட்டு வருகிறவரைப் பற்றியும் இதைவிட மென்மையாகச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை. அவர் கையில் இருக்கும் செய்தியே களவுப் பொருள். இடைப்பட்ட நிலையில் இருக்கிறவர் யார்? நேர்வழியில் அறிந்தவர், பொய் சொல்லாதவர், கேட்கப்படாதவர். அவரை நீதிமன்றமும் அக்குவினாவும் விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தத் தாய் அவருக்கு மோர் கொடுத்து, “நீயும் என் பிள்ளை மாதிரி, நீ பார்த்து ஒரு விலை சொல்லு” என்று முடிவையே அவர் கையில் கொடுத்துவிட்டால்? அப்போது அவர் எதிர்த்தரப்பு வியாபாரி என்ற நிலையை இழந்துவிடுகிறார் என்றே நாம் கருதுகிறோம். நம்பிக்கையை ஏற்றுக்கொண்டவர் அதற்குரிய விலையைச் சொல்லவேண்டும். முடியாதென்றால், “அம்மா, என்னை நம்பாதீங்க, உங்க பிள்ளைங்கள வைத்துப் பேசுங்க” என்று சொல்லி எழுந்துவிட வேண்டும்.

விலையைப் பற்றியும் அக்குவினா ஒன்று சொல்கிறார். அது நம் தரகர்களின் சிரிப்புக்கு நல்ல பதில். பழைய வீட்டுக்கு முதியவர்கள் கூடுதலாகக் கேட்டால், “ஆச்சி வீட்டுக்குக் கேட்கவில்லை, ஞாபகத்துக்குக் கேட்கிறார்” என்று கேலி பேசுவார்கள். பொருளை இழப்பதால் விற்பவருக்கு நேரும் தனிப்பட்ட இழப்பையும் விலையில் சேர்க்கலாம், அது அநீதியன்று என்கிறார் அவர். பிள்ளை பெற்ற அறை, கணவரைக் கிடத்திய கூடம், அடுத்த வீட்டாரின் குரல் கேட்கும் முற்றம் ஆகிய யாவும் அவரிடமிருந்து போகின்றன. அதற்கு அவர் விலை கேட்கலாம். மறுபுறம், வாங்குபவரின் அவசரத்தைக் கண்டு, விற்பவருக்கு எந்த இழப்பும் இல்லாதபோது விலையை ஏற்றுவது தகாது. அந்தத் தேவை விற்பவருக்குச் சொந்தமானது அன்று, தமதல்லாததை எவரும் விற்கலாகாது. ஒரகடத்தில் பணிமாற்று முறையில் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளர் எட்டுப் பேரைப் பழைய வீட்டின் ஓர் அறையில் அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறவர்கள் இந்த வரியைச் சிந்திக்கலாம். பழைமைமேல் மோகம் கொண்டு தூணையும் கதவையும் பிரித்தெடுக்க வருகிறவர்களும்தான். செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும்.

இனி, எவரும் பாவமென்றே எண்ணாத ஒன்றுக்கு வருவோம். பேசிய விலை ஒன்று, பத்திரத்தில் எழுதும் விலை ஒன்று. கிரயப் பத்திரத்துக்குப் பொதுவாக முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. அதை மிச்சப்படுத்த, அரசின் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதிவிட்டு மீதியைக் கறுப்பாகக் கைமாற்றுகிறார்கள். “அரசாங்கத்தைத்தானே ஏமாற்றுகிறோம்” என்பது சமாதானம். ஆனால் 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், இழப்பீட்டுக்கான சந்தை மதிப்பைக் கணக்கிடும்போது, அருகிலுள்ள ஊர்களில் முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களின் விலைகளையும் எடுத்துக்கொள்கிறது. நாளை அந்தத் தெருவுக்கே நிலமெடுப்பு அறிவிப்பு வந்தால், விற்க மனமில்லாமல் வீட்டைக் காத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் இழப்பீடு, நாம் குறைத்தெழுதிய பொய் விலையாலும் குறையக்கூடும். அவர் நம் விற்பனையில் கையெழுத்திட்டவர் இல்லை. ஒரு காசும் பெற்றவர் இல்லை.

இன்னொருவரும் இருக்கிறார்: உத்திரமேரூரில் மணமுடித்த மகள். கிறிஸ்தவர்களுக்குரிய 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக, மீதி பிள்ளைகளுக்குச் சமம். மகன், மகள் என்ற பேதம் அங்கில்லை. நம் குடும்பங்களில் நடப்பது என்ன? பதிவு நாளன்று காலையில் தங்கைக்குக் கார் அனுப்புவார்கள். “ஒரு கையெழுத்துதாம்மா” என்பார்கள். புடவையும் பூவும் பழமும் கொடுத்து அனுப்புவார்கள். விற்ற தொகை எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. தன் பங்கை அண்ணன்மாருக்கு விட்டுக்கொடுக்க ஒரு பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. பல பெண்கள் அன்பினால் அப்படிச் செய்கிறார்கள், அதை நாம் குறைத்துப் பேசவில்லை. எவ்வளவு என்று தெரியாமல் எதை விட்டுக்கொடுக்க முடியும்?

பழைய ஏற்பாட்டில், ஆபிரகாம் தம் மனைவி சாராவை அடக்கம் செய்ய மக்பேலா குகையை வாங்கும் காட்சி (தொடக்க நூல் 23) இவ்வகையில் நம் கவனத்துக்குரியது. எபிரோன் இலவசமாகவே தருகிறேன் என்கிறார். ஆபிரகாம் மறுத்து, முழு விலையை, 400 செக்கேல் வெள்ளியை, நகர வாயிலில் ஊரார் கேட்க நிறுத்துக் கொடுக்கிறார். நிலம், குகை, எல்லையிலுள்ள மரங்கள் யாவும் பெயர் சொல்லி ஒப்படைக்கப்படுகின்றன. ஊர் அறிந்த விலை அது. இரண்டாவது கணக்கு என்ற பேச்சே இல்லை.

விற்பனை முடிந்து ஆண்டுகள் கழித்து மனம் உறுத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அறநெறி இறையியல் சொல்லும் விடை கடினமானது, ஆனால் தெளிவானது. பொய் சொல்லி வாங்கியிருந்தால், அல்லது மறைந்த குறையை மூடி விற்றிருந்தால், பாவசங்கீர்த்தனத்தோடு காரியம் முடிவதில்லை; இழப்பை ஈடு செய்யும் கடமை நிற்கிறது. பொய் சொல்லாமல், கேட்கப்படாமல், அதிக இலாபம் பெற்றிருந்தால் நீதி அவரைக் கட்டாயப்படுத்தாது. கொடுத்தால் அது அன்பின் செயல். தாம் எந்த வகையினர் என்பதை அவரவரே அறிவர். கோவில் உண்டியலில் ஒரு தொகை போட்டால் சரியாகுமா என்று கேட்கிறார்கள். உரியவர் யாரென்று தெரியாதபோது ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்வது திருச்சபையின் பழைய வழக்கம். இங்கே உரியவர் தெரியாதவர் அல்லர். தாம்பரத்தில் மகனின் அடுக்குமாடி வீட்டில், மூன்றாம் மாடியில், திண்ணை இல்லாமல் அமர்ந்திருக்கிறார். அந்த முகவரி கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.